பாத்ரூம் கதவில் தொங்கிய ரிஜிஸ்டர்

1. பூட்டோடு போன முதல் நாள்

பாளையம்பட்டியில் ஷமீமா வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாள், என் பையில் ஒரு நீளப் பதிவேடும் சிவப்பு மை பேனாவும் நீல மை பேனாவும் ஒரு பூட்டும் இருந்தன. பூட்டு எதற்கு என்று ஷமீமா கேட்டாள். அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் லேப் அசிஸ்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவள் நான். பூட்டில்லாமல் வேலைக்குக் கிளம்பினால் செருப்பில்லாமல் கிளம்பியது மாதிரி இருக்கும்.

லேப் அசிஸ்டெண்ட் பாடம் நடத்தமாட்டாள். இதை இளையவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். டெஸ்ட் டியூப் கழுவுவாள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவாள். எலும்புக்கூட்டைத் துடைத்து பீரோவில் வைத்துப் பூட்டுவாள். பிள்ளைகள் எதையாவது உடைத்தால் பிரேக்கேஜ் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குவாள். ஷமீமாவே அப்படிக் கையெழுத்துப் போட்டவள்தான். ப்ளஸ் டூ படிக்கும்போது ப்யூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை உடைத்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதாள். நான் கொஞ்சமும் இரக்கமில்லாமல் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அதே ஷமீமாதான் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊருக்கே தேடி வந்தாள்.

“அக்கா, எம் பய அப்சலுக்கு அஞ்சு வயசு. ஸ்கூல் வேன்ல ஏறுனா ரெண்டு ஸ்டாப்பு தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்துருறான். வேன்காரரு இனிமே இவன ஏத்தமாட்டேன்னுட்டாரு. அதான் வீட்டுலயே வச்சு நானே படிக்கவைக்கப் போறேன். மூத்தவ ஆயிஷாவுக்கு ஏழு. ‘தம்பி மட்டும் வீட்டுலயா’ன்னு அவளும் உக்காந்துட்டா. தமிழு, இங்கிலீஷு, கணக்கு நான் பாத்துக்கிருவேன். நம்ம ஒடம்பப் பத்திச் சொல்லிக்குடுக்க மட்டும் நீங்க வாங்க. புஸ்தகம் வேணாம். தொட்டுப் பாக்கணும், செஞ்சு பாக்கணும்.”

“எனக்குச் சாமான்தாம்மா தெரியும். பாடம் தெரியாதே.”

“சாமான் தெரிஞ்சாப் போதும்க்கா.”

இதில் ஒரு கண்டம் இருந்தது. அவள் வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். “அண்ணன் சரின்னா எனக்கும் சரி” என்று போனில் சொல்லிவிட்டார். அண்ணன் ஜமால் பந்தல்குடியில் மோட்டார் பைப்பும் பெயிண்டும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவருக்கு இந்த வீட்டுப் படிப்பு துளிகூடப் பிடிக்கவில்லை. தம்பி லீவில் வருகிறவரை பொறுப்பது, அதற்குள் பிள்ளைகள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றால் மறுபடி வேன், வாந்தி என்று பேச்சு முடிந்திருந்தது. ஆக, அப்சலின் வயிறு ஜமால் கையில் இருந்தது.

ஷமீமா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். வீட்டைவிட்டு வெளியே வந்தால் நான் தண்ணீர் குடிப்பதில்லை. பிள்ளைகளை உட்கார வைத்து ஆரம்பித்தேன்.

“மனுஷ ஒடம்புல இருநூத்தாறு எலும்பு இருக்கு.”

அப்சல் என்னை மேலும் கீழும் பார்த்தான். “ஒங்ககிட்ட இருநூத்தாறும் இருக்கா?”

“இருக்கு.”

“எண்ணிப் பாத்தீகளா?”

எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் ஸ்டாக் வெரிஃபிகேஷனில் பீரோ எலும்புக்கூட்டை எண்ணிக் கணக்குக் கொடுத்தவள், என்னுடையதை ஒரு நாளும் எண்ணியதில்லை. உடனே பதிவேட்டைத் திறந்து ‘எலும்பு, கையிருப்பு’ என்று தலைப்புப் போட்டேன். ஒருவர் கையை ஒருவர் அமுக்கிப் பார்த்து எண்ண ஆரம்பித்தோம். விரல் முடிந்து விலாவுக்கு வந்ததும் அப்சலுக்குக் கூச்சம் தாங்கவில்லை. அவன் உருள, ஆயிஷா அவனை அமுக்க, நான் பேனாவோடு பின்னாலேயே தவழ்ந்தேன். அன்றைய கையிருப்பு நாற்பத்தொன்பது. மீதி எலும்புகள் ஓடிவிட்டன என்று ஆயிஷா எழுதச் சொன்னாள். எழுதினேன். அவர்கள் என்னை ‘பேச்சி டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். பள்ளியில் நான் கடைசி நாள்வரை லேப் அக்கா. அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுநாளும் ரெண்டு பஸ் மாறிப் போனேன்.

2. இட்லி போன பாதை

அடுத்து ஸ்டெதாஸ்கோப் செய்தோம். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் ஒரு முழம் வாங்கி, ரெண்டு முனையிலும் எண்ணெய் ஊற்றுகிற புனலைச் சொருகினோம். ஆயிஷா நெஞ்சு, அவள் அம்மா நெஞ்சு, பக்கத்து வீட்டுச் சேவல் நெஞ்சு எல்லாம் கேட்டாயிற்று. அப்சல் பிரிட்ஜில் வைத்துக் கேட்டுவிட்டு, “இதுக்கு உசுரு இருக்கு, ஆனா லேசா சளி பிடிச்சிருக்கு” என்றான்.

குடலுக்கு வந்தபோதுதான் வில்லங்கம். சிறுகுடலின் நீளம் கிட்டத்தட்ட ஒரு சேலை நீளம். நெசவுக்காரர்கள் ஊரில் இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ஷமீமாவின் பழைய கைத்தறிச் சேலையை முற்றத்தில் விரித்து நடந்து பார்த்தோம். அப்புறம் அதைச் சுருட்டி ஒரு மஞ்சப்பையில் திணித்து அப்சல் வயிற்றில் கட்டினோம். “எல்லார் வயித்துலயும் ஒரு சேல இருக்கு” என்று அவன் தெருவில் சொல்லிக்கொண்டே போனான். தெருவில் ஒரு அம்மா, “என் வயித்துல இருக்கது பட்டா நூலா?” என்று கேட்டு அனுப்பினார்.

மறுநாள் செரிமானம். ஒரு பாலிதீன் பையில் இட்லி, வாழைப்பழம், எலுமிச்சைச் சாறு போட்டு ஆயிஷா பிசைந்தாள். அது இரைப்பை. பித்தநீருக்கு டீ டிகாஷன். பிசைந்ததை ஷமீமாவின் பழைய லெக்கின்ஸ் கால் ஒன்றில் ஊற்றிப் பிழிந்தோம். சாறு துணி வழியாகத் தட்டில் இறங்கியது. அது ரத்தத்துக்குப் போகிற சத்து. மீதியை ஓட்டை போட்ட பேப்பர் கப் வழியாகத் தள்ளவேண்டும். ஆயிஷா தள்ளினாள். அப்சல் தரையில் படுத்து, கப்பின் ஓட்டையைப் பார்த்தபடி, “வருது, வருது!” என்று கை தட்டினான்.

அந்த நேரம் பார்த்தா ஜமால் வரவேண்டும்? கையில் காரச்சேவுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்.

“என்னது இது?”

“குடலு பெரியத்தா” என்று அப்பாவின் அண்ணனுக்கு விளக்கினாள் ஆயிஷா.

“அந்தத் தட்டுல?”

“காலைல சாப்புட்ட இட்லி. கடைசில இப்படித்தான் வரும்.”

அப்சல் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். “மோந்து பாருங்க பெரியத்தா, நாறவே நாறாது!”

ஜமால் மோந்து பார்க்கவில்லை. பொட்டலத்தைத் தின்பதற்கும் வைக்கவில்லை, திரும்ப மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஷமீமாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். நல்ல மனுஷர்தான், சத்தம் போடமாட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“ஏம்மா, அவன் அந்த வெயில்ல கெடந்து சாகுறது இதுக்கா? புள்ளைக டாக்டராகும்னு சொன்ன. இதுக என்னடான்னா...” வார்த்தையை முடிக்கவில்லை. “நான் அட்மிசன் பாரம் வாங்கி வச்சிருக்கேன். தம்பி வந்து எறங்குன மறுநாள் பூர்த்தி பண்ணிக் குடுத்துருவோம்.”

“சரி மச்சான்” என்று சொல்லும்போது ஷமீமாவின் குரல் ப்யூரெட்டை உடைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. நான் தட்டைக் கழுவப் போனேன். எனக்கு அவர்மேல் கோபம். அதைவிட என்மேல் கோபம். ஆடத் தெரியாதவளைக் கூப்பிட்டு வந்து கூடத்தையும் கெடுத்தாயிற்று.

3. ஷேடு கார்டு

மூத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஷமீமா கேட்டாள். நான் முடியாது என்றேன். சிறுநீரகத்தை விட்டுவிட்டு உடம்புப் பாடம் நடத்துவது, மோட்டாரை விட்டுவிட்டு போர் போடுகிற மாதிரி. அதிலும் நம் பக்கத்துத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் தெருவுக்கு ரெண்டு பேர் முதுகைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள்.

டீ வடிகட்டியையும் மஞ்சள்தூள் தண்ணீரையும் வைத்துச் சிறுநீரகம் செய்தோம். “தண்ணி கம்மியாக் குடிச்சா கலரு கெட்டியாகும்” என்றேன். ஆயிஷா யோசித்தாள். உள்ளே ஓடி ஒரு அட்டையோடு வந்தாள். பெரியத்தா கடையிலிருந்து எப்போதோ எடுத்துவந்த பெயிண்டு ஷேடு கார்டு. அதில் வெளிறிய மஞ்சளிலிருந்து கெட்டி மஞ்சள்வரை ஒரே வரிசையில் ஆறு கட்டம்.

எனக்குள் இருந்த லேப் அசிஸ்டெண்ட் எழுந்து நின்றாள். பெயிண்டின் பெயர்களை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து, ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டேன். ஒன்றும் ரெண்டும் நல்லது. மூன்றுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், நாலுக்கு ரெண்டு டம்ளர், ஐந்துக்கு மூன்று. ஆறு என்றால் அம்மாவிடம் சொல். கொல்லையில் தனியாக இருந்த பாத்ரூமின் உள்சுவரில் அட்டையை ஒட்டினோம். கதவுக்கு வெளியே ஆணி அடித்துப் பதிவேட்டைத் தொங்கவிட்டோம். தேதி, பெயர், நம்பர், கையெழுத்து. பேனாவுக்கு நூல் கட்டினேன். அப்சலுக்கு அப்போது எண்கள் மட்டும் எழுதவரும், அதனால் அவனைப் பொறுப்பாளர் ஆக்கினேன்.

“லேப் ரிஜிஸ்டருன்னா கலெக்டரே வந்தாலும் எழுதாம விடக்கூடாது” என்று அவனிடம் சொன்னேன். இந்த வாக்கியத்தைத்தான் நான் சொல்லியிருக்கக்கூடாது.

ஒரு வாரத்தில் அந்த வீட்டில் யாருக்கும் ரகசியம் இல்லை. பால்காரர் நாலு. கேபிள்காரர் ஐந்து, மூன்று டம்ளர் குடித்த பிறகுதான் விடுவிக்கப்பட்டார். என் பெயருக்கு நேராக நான் தினமும் ‘2’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

4. சம்பந்தியின் நம்பர்

ஜமாலின் மகளுக்குக் காரியாபட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பேச்சுவார்த்தையை இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற தம்பி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஜமால் முடிவு செய்தார். ஷமீமாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “புள்ளைகளக் கொல்லப்பக்கமா வச்சுக்கிறச் சொல்லு அந்த டீச்சரம்மாவ. குடலு, கிடலு ஒன்னும் முன்னால வரக்கூடாது.”

கொல்லையில் முருங்கை மரத்தடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குடலை ஒளித்துவைத்தேன். லெவல் டியூபை ஒளித்துவைத்தேன். பாத்ரூமும் கொல்லையில்தான் இருக்கிறது என்பது என் புத்தியில் ஏறவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் எழுந்திருக்கவே முடியாதபடி சறுக்கினேன்.

மாப்பிள்ளையின் அப்பா முதலில் வந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த சரீரம், பெரிய மனுஷர். உள்ளே போய்விட்டு வெளியே வந்தார். கதவருகே பிளாஸ்டிக் முக்காலியில் அப்சல் பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

“மாமா, நில்லுங்க. எத்தனாம் நம்பரு?”

“என்ன நம்பரு தம்பி?”

“ஒன்னுக்குப் போனீகள்ல, அது. உள்ள அட்டைல பாக்கலையா?”

என் ஒரு கை முருங்கை மரத்தில் இருந்தது, இன்னொரு கை வாயில் இருந்தது. ஒரு கல்யாணமே நின்றுபோகப் போகிறது, அதற்கு என் ரிஜிஸ்டர்தான் காரணம் என்று தெரிந்தது. அவர் கதவைத் திறந்து அட்டையை எட்டிப் பார்த்தார். ஆயிஷா அதன் விவரத்தை ஒன்று விடாமல் சொன்னாள்.

“அடடே, பாக்காம தண்ணி ஊத்திட்டேனே தம்பி.”

“அப்ப அடுத்த தடவ பாத்துச் சொல்லுங்க” என்று அப்சல் கண்டிப்பாகச் சொன்னான்.

பெரியவர் போய்விட்டார். நான் மூச்சு விட்டேன். அரை மணி நேரம் கழித்து, சபையில் சீர் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, அவர் எழுந்து மறுபடி கொல்லைக்கு வந்தார். உள்ளே போனார். கதவைத் திறந்ததும் கூடம் வரைக்கும் கேட்கும்படி கூவினார்.

“தம்பி, நாலு!”

ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அதோடு விட்டாரா? கூடத்துக்குப் போய், “ஏலே, நீயும் போய்ப் பாத்துட்டு வாலே. உன் வயசுல என்ன நம்பருன்னு தெரியட்டும்” என்று மாப்பிள்ளையை விரட்டினார். மாப்பிள்ளை வெட்கத்தோடு போய் மூன்று என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தகவல் அடுப்படியில் இருந்த பெண்ணின் காதுக்கு உடனே போனது. அப்புறம் மாப்பிள்ளையின் சித்தப்பா, மாமா, கார் டிரைவர். கொல்லையில் வரிசை நின்றது. சீர் பேச்சை எல்லாரும் மறந்துபோனார்கள்.

ஜமால் மட்டும் வரவில்லை. கடைசியில் பதிவேட்டைப் பிய்த்தெறியத்தான் வந்தார். முகம் அப்படி இருந்தது. அப்சல் எழுந்து கையை விரித்துக் கதவை மறித்தான்.

“பெரியத்தா, நீங்க மட்டுந்தான் பாக்கி.”

பின்னால் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். “போங்க மச்சான், நானே சொல்லிட்டேன், ஒங்களுக்கென்ன” என்றார். ஜமாலுக்கு வேறு வழியில்லை. உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது முகத்தில் கோபம் இல்லை, வேர்வை இருந்தது. குனிந்து அப்சலின் காதில் ஏதோ சொன்னார்.

காதில் சொன்னதை ஊருக்குச் சொல்வதுதான் அஞ்சு வயசின் வேலை.

“டீச்சர்! பெரியத்தாவுக்கு அட்டைல நம்பரே இல்லையாம்! நன்னாரி சர்பத்து கலராம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தாவிட்டாலும், நடத்தியதைக் கேட்டுக்கொண்டே டெஸ்ட் டியூப் கழுவியிருக்கிறேன். அந்தக் கலர் என்ன என்று எனக்குத் தெரியும்.

“முதுகு வலிக்குதாய்யா?”

“நாலு நாளா வலிக்குது. கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சேன். கலரையும் ரெண்டு நாளாப் பாக்குறேன், யார்ட்ட போய்ச் சொல்ல...”

“அது ரத்தம்யா. இப்பவே டாக்டர்ட்ட போங்க.”

சம்பந்தியே தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஸ்கேனில் சிறுநீரகக் கல் தெரிந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும், இப்போது மருந்திலும் தண்ணீரிலும் வந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே கல்யாணம் பேசி முடித்தார்கள்.

5. ஸ்டாக் வெரிஃபிகேஷன்

பத்து நாள் கழித்து ஜமால் வந்தார். கையில் அந்தக் காரச்சேவுக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டி. திறந்தால் பஞ்சின்மேல் மிளகைவிடச் சின்னதாக ஒரு கல்.

“ரொம்பக் கஷ்டப்பட்டு வந்துச்சு. தொலச்சுறாதீக” என்றார்.

கண்ணாடிச் சீசாவில் போட்டு லேபிள் ஒட்டினேன். பதிவேட்டில் ‘சிறுநீரகக் கல், ஒன்று. அன்பளிப்பு: ஜமால், பந்தல்குடி’ என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அன்றைக்கு சவுதியிலிருந்து வீடியோ கால் வந்தது. ஷமீமா போனை மச்சானிடம் கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, அட்மிசன் பாரம் என்னாச்சு?”

“பாரம் கெடக்கட்டும். ஏலே, நீ அங்க வெயில்ல எத்தனாம் நம்பருல இருக்க? மொதல்ல அதச் சொல்லு!”

ஷமீமா அடுப்படிக்குள் போய் அழுதாள். ஒரு மணி நேரம் இல்லை, ஒரு நிமிஷம்தான். அப்சலுக்கு இனி வேன் இல்லை என்று ஆயிஷா அவனுக்கு விளக்கினாள். அவன் காதில் வாங்கவில்லை. மடியில் பதிவேட்டை வைத்து விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டிருந்தான். வருஷக் கடைசியில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் என்று ஒன்று உண்டு, எழுதியதெல்லாம் உண்மையா என்று சரிபார்க்கவேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“டீச்சர், ஒங்களுக்கு எல்லா நாளும் ரெண்டு.”

“ஆமாய்யா.”

“நான் தெனமும் பாத்ரூம் வாசல்லதான உக்காந்திருக்கேன். நீங்க ஒரு நாளும் உள்ள போகவே இல்லையே?”

கூடத்தில் ஜமால் இருக்கிறார், ஷமீமா இருக்கிறாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நிஜமாகவே ஒட்டிக்கொண்டது, காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. பள்ளியில் லேப் சாவி என்னிடம். திறந்துபோட்டுவிட்டு வெளியே போனால் சாமான் போய்விடும். பூட்டிவிட்டுப் போனால் நாற்பது பிள்ளைகள் வாசலில் நிற்கும். அதனால் குடிக்காமல் இருந்து பழகிக்கொண்டேன். சாவியைத் திருப்பிக் கொடுத்து ரிடையர் ஆகியும் அந்தப் பழக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். பால்காரருக்கு ரெண்டு டம்ளர், கேபிள்காரருக்கு மூன்று டம்ளர், எனக்குப் பொய்க் கையெழுத்து.

ரிஜிஸ்டரில் தப்பு எழுதினால் அழிக்கக்கூடாது. மேலே எழுதவும் கூடாது. சிவப்பு மையால் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும். உட்கார்ந்து ஒவ்வொரு ‘2’க்கும் கோடு அடித்தேன். ஷமீமா பக்கத்தில் வந்து பேனாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாக் கோடும் முடிந்ததும் அப்சல், “இப்பப் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் வாசல்ல காவலுக்கு நிக்கிறேன், யாரும் எதையும் எடுக்கமாட்டாக” என்றான். பையிலிருந்த பூட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

இளையவர்களுக்குச் சொல்வது இதுதான். பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் டியூபும் புனலும் வாங்குவதற்கு முன்னால் தங்கள் உடம்பைக் கொஞ்சம் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எப்படியும் வெரிஃபிகேஷனுக்கு வருவார்கள்.

நான் வெளியே வந்து பதிவேட்டை வாங்கி எழுதினேன்: பேச்சியம்மாள், 5.

அப்சல் எட்டிப் பார்த்தான். திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினான்.

“அம்மா, டீச்சருக்கு மூணு டம்ளரு!”